தொப்புளுக்கும் முட்டிக்கும் நடுவே

அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் ஒரு பாட்டு இருந்தது. யார் கட்டியது என்று யாருக்கும் தெரியாது. டீச்சர் வேலைக்குச் சேர்ந்தபோதே சுவரோடு சுவராக அதுவும் அங்கே இருந்தது. பிள்ளைகளை வட்டமாக நிற்க வைத்துப் பாட வேண்டும்.

தலையிலே ஒரு தட்டு, தோளிலே ஒரு தட்டு,
தொப்புளிலே ஒரு தட்டு, முட்டியிலே ஒரு தட்டு…

அப்படியே இறங்கிப் பாதத்தில் முடியும். முடிந்ததும் எல்லோரும் பொத்தென்று தரையில் விழுந்து உட்கார வேண்டும். அந்தப் பொத்துக்காகத்தான் பிள்ளைகள் பாட்டு முழுவதையும் பொறுத்துக்கொண்டார்கள். சிலதுகள் தோளிலிருந்தே நேராகப் பொத்துக்குத் தாவிவிடும்.

ஒருநாள் பட்டாணி உட்காரவில்லை. உருண்டையாக, குள்ளமாக இருப்பதால் அந்தப் பேர். மற்றவர்கள் விழுந்து சிரித்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் நடுவில் நட்ட கம்பு மாதிரி நின்றான். உதடு பிதுங்கியது. எங்கே வலிக்கிறது என்று டீச்சர் கேட்டதற்கு, யோசித்துவிட்டு, "முட்டி" என்றான்.

மரக்குதிரையிலிருந்து விழுந்திருப்பான் என்றாள் ஆயா. டீச்சர் இரண்டு முட்டியையும் அழுத்திப் பார்த்தாள். வீக்கம் இல்லை, சிராய்ப்பு இல்லை. இருந்தாலும் பிள்ளை சொல்கிறானே என்று துணிக்கட்டு ஒன்று போட்டுவிட்டாள். அவனுடைய அம்மா பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்தாள். வீட்டில் அவள் தன் பங்குக்குத் தைலம் தேய்த்தாள். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு இரும்பு மாதிரி இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று அனுப்பிவைத்தார். உட்கார மறுக்கிறான், முட்டி என்கிறான். உட்கார்ந்தால் முட்டி மடங்கத்தானே செய்யும்? எல்லோருக்கும் கணக்கு சரியாக வந்தது.

கழுவிவிடும்போது ஆயா பின்னால் ஒரு சிவப்பைப் பார்த்தாள். ஈரத்துணி உரசியிருக்கும் என்று பவுடர் போட்டாள். அவன் அம்மாவும் அதையே பார்த்தாள், அதையே செய்தாள். சிவப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம் என்று கிடந்தன. இரண்டையும் யாரும் முடிச்சுப்போடவில்லை.

பிறகு காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடுதான் அன்றைக்கு அனுப்பியிருந்தார்கள். அம்மாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. மதியம் எல்லாப் பிள்ளைகளும் தூங்கிவிட, பட்டாணி மட்டும் கவிழ்ந்து படுத்துக் கண்ணைத் திறந்து வைத்திருந்தான். டீச்சர் துணிப்பொம்மையை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பொம்மைக்கும் காய்ச்சல், அதற்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டாள்.

அவன் பொம்மையை வாங்கிக் குப்புறப் புரட்டினான். அது உட்காரும் இடத்தில், நட்டநடுவில், ஒரு விரலை வைத்து அழுத்தினான். டீச்சரை நிமிர்ந்து பார்த்தான்.

"முட்டி" என்றான்.

டீச்சர் பொம்மையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு தனக்குள்ளேயே அந்தப் பாட்டைப் பாடி, தன் உடம்பில் தட்டிக்கொண்டே வந்தாள். தலை. தோள். தொப்புள். அதற்கப்புறம் கை காற்றில் போய் முட்டியில் இறங்கியது. அந்தப் பையனுக்குத் தெரிந்த உடம்பில் தொப்புளுக்கு அடுத்த ஊர் முட்டி. நடுவில் எங்கே வண்டி நின்றாலும் அவன் அந்த ஊர்ப் பேரைத்தான் சொல்லியாக வேண்டும். பாட்டின் முடிவில் பிள்ளைகள் எதன்மேல் விழுகிறார்களோ, அதற்குத்தான் பாட்டில் பேர் இல்லை.

அன்று மாலையே டாக்டர் கீறி எடுத்தார். அரை அரிசி நீளத்துக்கு ஒரு மரச்சிராய். குதிரையின் இருக்கையிலிருந்து ஏறியது. உள்ளே சீழ் கட்டியிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் ரத்தத்தில் கலந்திருக்கும் என்று சொல்லி, அவர் கையைக் கழுவப் போனார். அம்மாக்காரி கட்டிலுக்கு ஒரு பக்கம் நின்றாள். டீச்சர் மறுபக்கம் நின்றாள். முட்டிக்குக் கட்டுப் போட்ட கையும் தைலம் தேய்த்த கையும் எதிரெதிரே சும்மா தொங்கின.

அடுத்த வாரம் பாட்டில் ஒரு வரி கூடியது.

திரும்பி நின்னு குண்டியிலே ஒரு தட்டு.

பிள்ளைகளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். திரும்புவது ஒரு சுகம், தட்டுவது இன்னொரு சுகம். திரும்பும் வேகத்தில் இரண்டு மூன்று பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். பொத்து இப்போது பாட்டின் நடுவிலேயே வந்துவிட்டது.

சந்தோஷம் வீடுவரை போனதுதான் வினை. காப்பகத்துக்கு வரும் ஒரு பெண்பிள்ளையின் அப்பா வங்கிக்காரர்; அவர் வீட்டுக்கு அவருடைய மேலதிகாரி வந்திருக்கிறார். வங்கிக்காரரின் மகள் அந்த அதிகாரியைக் கையைப் பிடித்து எழுப்பி நிற்க வைத்துப் பாடியிருக்கிறாள். பெரிய மனிதரும் தலை, தோள், தொப்புள் என்று சமர்த்தாகத் தட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அடுத்த வரிக்கு அவர் திரும்பவில்லை. அவள் விடவில்லை. தானே பின்பக்கம் போய் அவருக்காக ஒரு தட்டு தட்டிக்கொடுத்தாள். அவர் டீயைப் பாதியிலே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாராம்.

காப்பகத்தின் நிர்வாகி அம்மாவுக்கு அன்றைக்கே போன் வந்தது. அதைத் தொடர்ந்து இன்னும் சில வீடுகளிலிருந்தும் வந்தது. அவர் டீச்சரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, முதலில் நயமாகத்தான் பேசினார். வேறு சொல்லே கிடைக்கவில்லையா என்று கேட்டார். பின்பக்கம் என்று வைத்தால் என்ன? முதுகும் பின்பக்கம்தான் என்றாள் டீச்சர். இங்கிலீஷில் வைத்துக்கொள்ளலாமே? இங்கிலீஷில் சொன்னால் வலி கொஞ்சமாகிவிடுமா என்று கேட்டாள். சரி, அந்த இடத்தில் சொல் வேண்டாம், ஒரு கைத்தட்டல் மட்டும் இருக்கட்டும், பிள்ளைகளுக்குத் தாளமும் வரும் என்றார்.

"அந்த வெத்திடத்துல நின்னுதான் மேடம் அவன் முட்டி முட்டின்னு அழுதான்" என்றாள் டீச்சர்.

நிர்வாகி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சிராய் விஷயம் இந்த அறையைத் தாண்டக் கூடாது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். காப்பகத்தின் குதிரை பிள்ளையைக் குத்தியது என்று வெளியே தெரிந்தால் கதவை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.

"இங்க பாரும்மா. சனிக்கிழமை எல்லாப் பெத்தவங்களும் வராங்க. நான் உனக்காகப் பேசமாட்டேன். அவங்க வேண்டாம்னா அந்த வரி போகணும், இல்லைன்னா நீ போகணும். மாடியில பெரிய நாற்காலி கிடக்கு, எல்லாத்தையும் இறக்கிப் போட்டு வை."

துணி மடித்துக்கொண்டிருந்த ஆயா இதையெல்லாம் கேட்டிருந்தாள். ஒரு சொல்லுக்காக யாராவது சோத்தில் மண்ணைப் போட்டுக்கொள்வார்களா என்று அங்கலாய்த்தாள்.

"வாயை மூடிக்கிட்டுப் போனா என்ன டீச்சரம்மா? குறைஞ்சா போயிடுவீங்க?"

"வாயை மூடிக்கிட்டு இருந்ததுக்குத்தான் அக்கா முட்டிக்குக் கட்டுப் போட்டோம்."

இரண்டு பேரும் சின்னச் சின்னச் சட்டைகளை மடித்து அடுக்கினார்கள். டீச்சர் தான் வளர்ந்த வீட்டை நினைத்தாள். அந்தச் சொல் அங்கேயும் இருந்தது. அப்பா கோபத்தில் கத்தும்போது வந்தது, தெருச்சண்டையில் வந்தது. வசவுக்கு மட்டும் வெளியே எடுத்து, வேலை முடிந்ததும் உள்ளே பூட்டி வைத்துவிடுவார்கள். பிள்ளைகள் வாயில் விழுந்தால் வாயிலேயே போடுவார்கள். சொல் என்ன பாவம் செய்தது? அழுக்குப் பட்ட கையால் நாம்தான் திரும்பத் திரும்ப அதைத் தொட்டோம். பட்டாணி தொட்டபோது அதில் அழுக்கு இல்லையே, வலிதானே இருந்தது.

சனிக்கிழமை காலை அவள் மாடிக்குப் போனாள். பெரிய நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நின்றன. கொஞ்சநேரம் அவற்றைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வெறுங்கையோடு இறங்கி வந்தாள்.

வந்தவர்கள் பிள்ளைகளின் நாற்காலியில்தான் உட்கார வேண்டியிருந்தது. சிவப்பும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு சாண் அகலம், அதே அளவுதான் உயரம். வங்கிக்காரர் உட்கார்ந்தபோது முட்டி இரண்டும் காதுக்கு வந்துவிட்டன. லாரி ஓட்டுகிற ஒருவர், எழுந்தால் இதுவும் கூடவே வரும் போலிருக்கிறதே என்று பக்கத்திலிருந்தவரிடம் முனகினார். நிர்வாகி அம்மா டீச்சரை ஒரு பார்வை பார்த்தார். டீச்சர் அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு, திருப்பிக் கொடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் அவரும் ஒரு மஞ்சள் நாற்காலியில் தன்னைத் திணித்துக்கொண்டார்.

பேச்சு ஆரம்பித்தது. வங்கிக்காரர் நன்றாகப் பேசினார். நாகரிகம் என்றார், பண்பாடு என்றார், பிஞ்சு மனசு என்றார். ஒரு தாய், வீட்டில் விருந்தாளி வந்தாலே பிள்ளையை உள்அறைக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது என்றாள். இதை வைத்து ஊரே சிரிக்கிறது என்றார் ஒருவர். அந்தச் சொல்லைத்தான் எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். 'அந்த வார்த்தை', 'அந்த இடம்', 'அது' என்றெல்லாம் சொன்னார்கள். சொல்லை மட்டும் யாரும் சொல்லவில்லை. பட்டாணியின் அம்மா வேலைச் சீருடையோடு மூலையில் உட்கார்ந்து தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் பேச்சு தீரட்டும் என்று சுவரில் சாய்ந்து நின்றாள். அது தீர நேரமானது. நேரமாக ஆக, அறை நெளிய ஆரம்பித்தது. ஒருவர் இடப்பக்கம் சாய்ந்தார். ஒருவர் வலப்பக்கம் சாய்ந்தார். ஒரு தாய் கைப்பையை எடுத்து அடியில் செருகிக்கொண்டாள். வங்கிக்காரர் பேசிக்கொண்டே ஒரு பக்கத்தைத் தூக்கினார், பிறகு மறுபக்கத்தைத் தூக்கினார்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கடைசியில் அவரே டீச்சரைக் கேட்டார்.

"சொல்றேன் சார். முதல்ல நீங்க சொல்லுங்க, ஏன் நெளியறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"எங்கயோ வலிக்குது போல."

"கால் கொஞ்சம் மரத்துப்போச்சு."

"காலா சார்?"

டீச்சர் பக்கத்திலிருந்த தாயைப் பார்த்தாள். இடுப்பு என்றாள் அவள். அடுத்தவர் முதுகு என்றார். லாரிக்காரர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். நிர்வாகி அம்மா தரையைப் பார்த்தார். டீச்சர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, பிறகு சும்மா நின்றாள். உதவிக்கு ஒரு சொல் எடுத்துக் கொடுக்கவில்லை. மௌனம் அந்தச் சின்ன அறையில் ஒரு பெரிய மனிதர் மாதிரி வந்து உட்கார்ந்தது. அதற்கு மட்டும் நாற்காலி போதுமானதாக இருந்தது.

மூலையில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. பட்டாணியின் அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

"எனக்குக் குண்டி வலிக்குது டீச்சர்" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. லாரிக்காரருக்குச் சிரிப்பு வந்து, அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"என் பிள்ளைக்கும் அங்கதான் வலிச்சுது. இங்க இருக்கிற குதிரையோட சிராய் ஏறி உள்ள சீழ் வச்சிடுச்சு. அவனுக்குச் சொல்லத் தெரியல. முட்டின்னான். நான் முட்டிக்குத் தைலம் தேச்சுக்கிட்டு இருந்தேன்." குரல் உடைந்தது. அவள் அதை உடையவிட்டுவிட்டுத் தொடர்ந்தாள். "பேர் தெரிஞ்சிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பான். உங்களுக்கெல்லாம் பேர் தெரியும். தெரிஞ்சும் காலுங்கிறீங்க, இடுப்புங்கிறீங்க. அவனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

நிர்வாகி அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. குதிரையைப் பற்றித்தான் இனி எல்லோரும் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கேட்டார்கள். நன்றாகவே கேட்டார்கள். பாட்டைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் குதிரையைப் பற்றிச் சத்தம் போட்டார்கள். சத்தம் அடங்கியபோது வங்கிக்காரர் தலையைத் தடவிக்கொண்டு, வரியைப் பற்றி அவரவர் வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்றார். பிறகு எழுந்தார். லாரிக்காரர் சொன்னபடியே நாற்காலியும் அவரோடு எழுந்தது. ஆயாதான் பின்னால் பிடித்து இழுத்து விடுவித்தாள்.

எல்லோரும் போன பிறகு நிர்வாகி அம்மா வாசலில் நின்றார். கோபமும் களைப்பும் ஒன்றாகக் கலந்திருந்தன.

"நாற்காலியை வேணும்னேதானே இறக்கல?"

"ஆமா மேடம்."

அவர் அப்படி ஒரு பதிலை எதிர்பார்க்கவில்லை. குதிரையை இன்றைக்கே தூக்கி எறியச் சொன்னார். பிறகு, தன்னால் இவ்வளவுதான் முடியும் என்பதுபோல, "பாடிக்கோ. ஆனா கதவைச் சாத்திக்கிட்டுப் பாடு. தெருவுக்குக் கேக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

திங்கட்கிழமை பட்டாணி வந்தான். நடையில் இன்னும் கொஞ்சம் கவனம் இருந்தது. பிள்ளைகள் கைகோத்து வட்டம் கட்டினார்கள். டீச்சர் எழுந்து போய்த் தெருக்கதவைப் பார்த்தாள். சாத்தித்தான் இருந்தது. தாழ்ப்பாளை விலக்கி, இரண்டு பாதியையும் சுவரோடு போய் இடிக்கும்வரை தள்ளினாள். காற்றில் மறுபடி மூடிக்கொள்ளாமல் இருக்க, ஒரு சிவப்பு நாற்காலியை இழுத்து முட்டுக்கொடுத்தாள். தெருவில் போகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவள் வட்டத்துக்குத் திரும்பி வந்து, தலையில் கை வைத்து, பாட்டைத் தொடங்கினாள். வழக்கத்தைவிட உரக்க.