மூன்று குழி ரொட்டி

இரண்டாம் ஈட்டுக்கு டின்களில் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது என் சுட்டுவிரலின் சதை ஒரு ஓட்டையில் பிதுங்கியது. டின்னைத் தூக்கி வாசல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். அடிமூலையில், மிளகு அளவுக்கு, வெளிச்சம் தெரிந்தது. அங்கே மூலையை இறுக்கிப் பிடிக்கிற ஒரு ரிவெட் ஆணி இருந்திருக்க வேண்டும்.

அப்போது காலை எட்டு மணி இருக்கும். முதல் ஈட்டு ரொட்டி முழுவதும் பாலிதீன் உறைக்குள் போய், பெண்களின் தலையில் ஏறி, சாலைக்குப் போய்விட்டது. இன்சவாமில் ரொட்டி நின்று விற்காது, ஓடித்தான் விற்கும். அக்ராவிலிருந்து குமாசி போகிற வண்டி எங்கள் ஊருக்குள் வந்து வேகத்தைக் குறைத்ததும் ஜன்னலுக்கு ஜன்னல் கைகள் நீளும். வெறுங்கையோடு யார் வீட்டு வாசலையும் மிதிக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் வண்டியில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு ரொட்டியாவது வேண்டும். ஒரு மணி நேரத்தில் எங்கள் ரொட்டி எத்தனை ஊருக்குப் போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த ஓட்டையைப் பார்த்தபோது என் நினைவுக்கு வந்தது இதுதான். அந்த ஆணி ஏதாவதொரு ரொட்டிக்குள் இருந்து பல்லில் கடிபட்டால் பல் போகும். சின்னப் பிள்ளையின் தொண்டையில் போனால் என்னவாகும் என்று நினைக்கக்கூட நான் விரும்பவில்லை.

"அக்கா, ஒரு ரிவெட்டக் காணோம்" என்றேன்.

பேக்கரி டுஃபி அக்காவுடையது. மாவுக் கையோடு வந்து டின்னை வாங்கிப் பார்த்தவள் முகம் சுருங்கியது. "தாவியா, நேத்து சாயங்காலம் நீ எண்ணெய் பூசுனப்ப இது இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"பாத்தியா, தொட்டியா?"

"தொட்டேன்க்கா. என் விரலுக்குத் தெரியும்."

சொல்லிவிட்டேன். ஆனால் சொன்ன நொடியிலிருந்தே உள்ளுக்குள் ஒரு புழு நெளிய ஆரம்பித்தது. நாற்பது டின், நாலு மூலை. தினமும் பூசுகிற கை, இருப்பதைத் தொடுகிறதா, இருக்கும் என்ற நினைப்பைத் தொடுகிறதா? பழக்கம் கண்ணைக் கட்டும் என்பார்கள். விரலையும் கட்டுமோ என்னவோ.

தரையைக் கூட்டினோம். மேசையைத் துடைத்தோம். மண் அடுப்புக்குள் நீளத் துடுப்பை விட்டுச் சாம்பலை வாரிச் சலித்தோம். கரித்துண்டும் ஒரு பழைய ஆணியும்தான் கிடைத்தன. டுஃபி அக்கா நினைத்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ரொட்டி போன திசை யாருக்குத் தெரியும், பேக்கரியின் பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கும்? அவள் அப்படிப்பட்டவள் இல்லை. "மாவைப் பழைய டின்னுல போடுங்க" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு, தகரக்காரர் ஒபிரி மாஸ்டருக்குப் போன் போட்டாள்.

மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பழைய டின்களெல்லாம் அவர் ஈயத்தால் பற்றவைத்தவை. அடுப்புச் சூட்டில் ஈயம் இளகி மூலை விரியும், மாவு வழிந்து கருகும். மூன்று வாரத்துக்கு முன்னால் மாஸ்டர் நாற்பது புது டின் கொண்டுவந்தார். ஈயமே கிடையாது. தகரத்தை வெட்டி, மூலைகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, ரிவெட் அடித்திருந்தார். அகலமான தலை வெளிப்பக்கம், தட்டிப் பரப்பிய வால் உள்பக்கம். ஒவ்வொரு டின்னின் முகப்பிலும் தன் பெயரை உளியால் குத்தியிருந்தார். "யானை மிதிச்சாலும் கழலாது" என்றார் அன்று. "எங்க பேக்கரியில யானை இல்ல மாஸ்டர், டுஃபி அக்காதான் இருக்காங்க" என்று நாங்கள் சிரித்தோம்.

ரிவெட் காணாமல் போன அன்று காலை அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. தோல் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார். ஓட்டையைப் பார்த்தார். தன் பெயரைப் பார்த்தார். "யாராச்சும் கடிச்சிருந்தா, சத்தியமா சொல்றேன் டுஃபி, இனிமே நான் சுத்தியலத் தொடமாட்டேன்" என்றார்.

"சுத்தியல அப்புறம் பாக்கலாம். மொதல்ல ரொட்டியக் கண்டுபிடி."

"கண்டுபிடிக்கலாம்" என்றார் மெதுவாக. "ரிவெட்டு வால் பட்ட எடத்துல ரொட்டியோட அடியில குழி விழும். என் டின்னுல வெந்த ரொட்டிக்கு நாலு குழி. இந்த டின்னுல வெந்ததுக்கு மட்டும் மூணுதான் இருக்கும்."

நானும் அவரும் சாலைக்குப் போனோம். பெண்களை ஒவ்வொருவராக நிறுத்தி, தலையிலிருந்த தட்டை இறக்கச் சொல்லி, உறையோடு ரொட்டியைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தோம். விற்கிற நேரத்தில் இந்தக் கூத்து யாருக்குப் பிடிக்கும்?

"என்ன மாஸ்டர், ரொட்டிக்கு மாப்பிள்ளை பாக்குறீங்களா? அடியத் தூக்கித் தூக்கிப் பாக்குறீங்க!"

"தாவியா, அவருக்குக் கண்ணாடி வாங்கிக் குடுடி!"

மாஸ்டர் அடுத்த தட்டுக்குப் போனார். நாலு, நாலு, நாலு என்று உதடு மட்டும் அசைந்தது. வெயில் ஏறியது. மூன்று எங்கேயும் இல்லை. கடைசியாக எஃபுவா என்கிற பெண் காலித் தட்டோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"மூணு குழியா? அத வித்துட்டேனே! குமாசி பஸ்ல ஒரு அம்மா. ரொட்டியத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, 'இதுக்கு ஒரு கண்ணு இல்ல, கொறைச்சுக் குடு'ன்னு ஒரே சண்டை. 'ஒத்தக் கண்ணுப் பொண்ணு நல்லா சமைக்கும், எடுத்துட்டுப் போங்க'ன்னு காசக் கொறைச்சுத் தள்ளிவிட்டேன்."

பஸ் நிலையத்தில் சீட்டு எழுதுகிற அன்சாவிடம் ஓடினோம். அவர் டிரைவரைப் போனில் பிடித்து, ஒலிபெருக்கியில் போட்டார். பஸ் புறப்பட்டு ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. டிரைவர் ஓரமாக நிறுத்திவிட்டு, "மூணு குழி ரொட்டி யாருகிட்ட இருக்கு?" என்று கத்துவது எங்களுக்குக் கேட்டது. வண்டிக்குள் எழுந்த சிரிப்பும் கேட்டது. பிறகு ஒரு பெண்குரல் வந்தது. பெயர் போக்குவா என்றது.

"ஆமா, எங்கிட்டதான் இருக்கு. என்ன, கொறைச்ச காசத் திருப்பிக் கேக்குறாங்களா?"

"இல்லம்மா, இல்ல" என்று மாஸ்டர் போனைப் பிடுங்கினார். "அதுக்குள்ள ஒரு ரிவெட் இருக்கும்னு பயமா இருக்கு. இரும்புத்துண்டு. நீங்க அதத் தொடாம அப்படியே..."

"ஏய்! பக்கத்து சீட்டுப் பிள்ள அழுதுச்சுன்னு இப்பதானே ஒரு ஓரத்தப் பிச்சுக் குடுத்தேன்!"

மாஸ்டரின் கை கீழே இறங்கிவிட்டது. போன் என் கைக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. "பிள்ள முழுங்கிருச்சாம்மா?" என்றேன்.

"மென்னுக்கிட்டிருக்கு. அடியே, அது வாயத் தொற! சீக்கிரம் தொறடி!"

அதன் பிறகு கேட்டதெல்லாம் பிள்ளையின் அலறல். தாய் வாய்க்குள் விரலை விட்டிருக்கிறாள், பிள்ளை கடித்திருக்கிறது, தாயும் அலறினாள். பஸ் முழுக்க ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அன்சா கையிலிருந்த சீட்டுப் புத்தகத்தைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த ஒரு நிமிடத்தில் நான் கும்பிடாத பெயர் இல்லை.

"ஒண்ணுமில்ல!" என்று போக்குவாவின் குரல் வந்தது. "வெறும் ரொட்டிதான். பிள்ள நல்லா இருக்கு, என்னத்தான் மொறைக்குது."

"மிச்சத்தையும் உதுத்துப் பாருங்கம்மா."

"உதுத்தா? நான் மொதத் தடவையா சம்பந்தி வீட்டுக்குப் போறேன். தூளக் கொண்டுபோயி நீட்டவா?"

"நாங்க வேற ரொட்டி அனுப்புறோம். ரெண்டு அனுப்புறோம். உதுருங்கம்மா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

உதிர்த்தாள். மடியில் துண்டை விரித்து, மூலை மூலையாக, பட்டாணி அளவுக்குக் கிள்ளிப் போட்டாள். பஸ்ஸே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது என்று டிரைவர் சொன்னார். கடைசியில் போக்குவா, "இல்ல. இதுல ஒண்ணுமே இல்ல" என்றாள்.

பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்பது பெரிய ஆறுதல்தான். ஆனால் பேக்கரிக்குத் திரும்பி நடக்கும்போது என் மனம் கணக்குப் போட ஆரம்பித்தது. இந்த ரொட்டியில் இல்லை, தரையில் இல்லை, அடுப்பில் இல்லை. அப்படியானால் அது நேற்றே கழன்றிருக்க வேண்டும். முந்தாநாள்கூட இருக்கலாம். என் விரல் பொய் சொல்லியிருக்கிறது. நேற்றைய ரொட்டியை எந்த பஸ்ஸில் போய்த் தேடுவது? எந்த வீட்டில் எந்தப் பிள்ளை இப்போது அதைக் கையில் வைத்திருக்கிறதோ? மாஸ்டர் தரையைப் பார்த்தே நடந்தார். அவரும் அதையேதான் எண்ணிக்கொண்டு வந்தார் என்று நினைக்கிறேன்.

பேக்கரியில் டுஃபி அக்கா எங்கள் முகத்தைப் பார்த்ததும் முக்காலியை நகர்த்திப் போட்டாள். மாஸ்டர் உட்கார்ந்து, அந்த டின்னை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"ஓட்டை வெளிப்பக்கமாக் கிழிஞ்சிருக்கு" என்றார். "உள்ளேருந்து விழல. யாரோ வெளிய இழுத்திருக்காங்க. டுஃபி, வெந்த ரொட்டிய டின்னுலேருந்து எப்படி எடுக்குறீங்க?"

"எப்படி எடுப்பாங்க? தட்டித்தான்."

"தட்டிக் காமிங்க."

எனக்குச் சட்டென்று புரிந்தது. இத்தனை வருடமாக டின் செய்கிற மனிதர், ரொட்டி இறக்குகிற நேரத்தில் ஒரு நாளும் இங்கே வந்ததில்லை. அவர் எப்போதும் மதியம் வருவார், அப்போது டின்களெல்லாம் அடுக்கி வைத்திருக்கும். நான் ஒரு டின்னை எடுத்து, அடுப்புக்கு எதிரே கிடக்கிற தட்டுக்கட்டையில் எப்போதும் போல ஓங்கி ஓர் அடி அடித்தேன்.

"இன்னொரு தடவ."

அடித்தேன்.

"டுஃபி, நீ அடி."

அவளும் அடித்தாள். அதே கை, அதே சாய்வு, அதே மூலை. மாஸ்டர் கட்டையின் பக்கத்தில் மண்டியிட்டார். பல வருட எண்ணெயும் ரொட்டித் தூளும் ஏறிக் கறுத்துப்போன கட்டை அது. அடி விழுகிற இடத்தில் உள்ளங்கை அளவு பள்ளம், பள்ளத்துக்குள் நீளமாக ஒரு வெடிப்பு. அவர் இடுப்பிலிருந்து சின்ன உளியை எடுத்து வெடிப்புக்குள் விட்டு நெம்பினார். கரிய தூள் உதிர்ந்தது. அதற்குப் பின்னால் பளிச்சென்று, புதுசாகத் தேய்ந்த வெள்ளையில், ரிவெட்டின் தலை தெரிந்தது. வெடிப்பு அதைப் பல்லால் கவ்வுவதுபோலக் கவ்வி வைத்திருந்தது.

எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு என் கையில் வைத்தார். இன்னும் சூடாக இருந்ததுபோல எனக்குத் தோன்றியது. அது வெறும் தோற்றம்தான். டுஃபி அக்கா தலைத்துணியை அவிழ்த்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து அருகே போனால், தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு மாஸ்டருக்குத் தொற்றியது. எனக்குத்தான் கண்ணீர் வந்தது.

அன்சாவிடம் சொல்லி மறுபடி பஸ்ஸுக்குப் போன் போட்டோம். "கெடச்சிருச்சு, எங்ககிட்டதான் இருக்கு!" என்றேன். அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது.

"கெடச்சுதா? சந்தோஷம்" என்றாள் போக்குவா வாய் நிறைய. "தூளெல்லாம் இங்க பந்தி வச்சாச்சு. டிரைவர் ரெண்டு பிடி. ருசிக்குக் கொறை சொல்ல முடியாது. ஆனா அந்த ரெண்டு ரொட்டிக்கும் நாலு கண்ணு இருக்கணும், சொல்லிட்டேன்!"

மதிய பஸ்ஸில் மூன்று அனுப்பினாள் டுஃபி அக்கா.

மாஸ்டர் அன்றே தன் நாற்பது டின்களையும் சாக்கில் கட்டி எடுத்துப் போய்விட்டார். அடுத்த நாளிலிருந்து, ரொட்டி இறக்குகிற நேரத்துக்குச் சரியாக வந்து மூலையில் நிற்பார். எங்கள் கைகளையே பார்ப்பார். "மாஸ்டர், என் கையக் கட்டிக்கப் போறீங்களா, இப்படிப் பாக்குறீங்க?" என்று மாவு பிசைகிறவள் கேட்டதற்கும் சிரிக்கவில்லை. முதலில் தடித்த தகரத்தில் ஒரு டின் அடித்துக்கொண்டு வந்தார். எத்தனை அடித்தும் அசையவில்லை, ஆனால் ரொட்டியின் அடி வேகாமல் வெளுத்துக் கிடந்தது. "இது ரொட்டி இல்ல, காய்ச்சக்காரன்" என்று டுஃபி அக்கா திருப்பிக் கொடுத்தாள். பிறகு கொஞ்ச நாள் சிமெண்ட் மூட்டைக் காகிதத்தை வைத்துக்கொண்டு, கடலைப் பொட்டலம் மடிக்கிறவர்போல மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

பதினோராம் நாள் கொண்டுவந்த டின்னில் வெட்டே இல்லை. ஒரே தகரம். மூலைகளை வெட்டாமல் காதுபோல மடித்து, பக்கச் சுவரோடு அணைத்து, மேல் விளிம்பைத் தடித்த கம்பியின்மேல் சுருட்டி, அந்தச் சுருளுக்குள்ளேயே காதுகளின் நுனியைப் பூட்டியிருந்தார். ஈயமும் இல்லை, ரிவெட்டும் இல்லை. அடிமூலைகள் முழங்கை மடிப்புபோல உருண்டிருந்தன. நான் உள்ளே விரலை ஓட்டினேன். எங்கேயும் தடுக்கவில்லை.

"அடிங்க" என்றார்.

முறை வைத்து அடித்தோம். எண்ணிக்கொண்டு இருநூறு அடி. கடைசி ஐம்பதை டுஃபி அக்காவே அடித்தாள், யாரிடமோ பழைய பகை தீர்ப்பவள் மாதிரி. அதன் பிறகு மாஸ்டர் டின்னை வாங்கி, தண்ணீர்ப் பானையிலிருந்து விளிம்புவரை ஊற்றி, உலர்ந்த மாவு தூவியிருந்த மேசைமேல் வைத்தார். ஈயமில்லாத மடிப்பில் தண்ணீர் நிற்காது என்று தகரம் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நாங்கள் மேசையைச் சுற்றிக் குனிந்தோம். அடுப்பில் விறகு வெடித்தது. வெளியே குமாசி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது, பெண்கள் ஓடுகிற சத்தம் கேட்டது, மேசை லேசாக அதிர்ந்தது. டின்னுக்குள் தண்ணீர் விளிம்பில் நடுங்கி, கூரைச் சந்து வெளிச்சத்தை உடைத்து, மறுபடி சேர்த்துக்கொண்டது. கீழே, மூலையைச் சுற்றி, மாவு நனையாமல் வெள்ளையாகவே கிடந்தது.