303-க்குச் சீட்டு இல்லை

…இல்லை, இன்னொரு தடவை பார்த்துவிடலாம், இந்த வாக்காளர் சீட்டெல்லாம் மெல்லிசுத் தாள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், எங்கேயாவது ரெண்டு சேர்ந்து வந்திருக்கும் என்று பக்தவத்சலம் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு மூன்றாவது முறையாகத் தள்ள ஆரம்பித்தார், 101-க்கு நாலு, 102 நம்ம வீடு, தானும் மனைவி விசாலமுமாக ரெண்டு, 201, 202… 301-க்கு மூன்று, 302-க்கு ரெண்டு, அப்புறம் நேரே 304. நடுவில் 303, ஜெபமணி சிஸ்டரைக் காணோம். நாளைக் காலை ஏழரைக்கு ஓட்டுப்பதிவு, ஒன்பது வருஷம் கழித்து வருகிற முனிசிபல் தேர்தல், நேற்றுவரை சாங்விப் பேட்டையையே அலறவைத்த ஒலிபெருக்கி ரிக்ஷாக்கள் எல்லாம் எங்கேயோ போய் வாயை மூடிக்கொண்டு நிற்கின்றன, வாசலில் பிரஷர் குக்கர் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கிறது. கட்சிக்காரர் காலையில் வந்து, மராத்தியில் சித்தப்பா என்கிற மாதிரி உறவு கொண்டாடி, காகா, ஏ-விங் முழுக்க உங்க பொறுப்பு, உங்களுக்குத் தெரியாத ஆள் யார் இருக்கா என்று கட்டோடு கையில் கொடுத்தபோது எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது… சிஸ்டர் பெயர் மட்டும் ஏன் இல்லை என்று அந்தக் கட்சிக்காரருக்கே போன் போட்டுக் கேட்டதுதான் தப்பு. அவர் பட்டியலைத் தட்டிப் பார்த்துவிட்டு, அந்தம்மா பெயர் அடித்திருக்கிறது காகா, வீடு மாறிவிட்டார் என்று எழுதியிருக்கிறது என்றார். வீடு மாறிவிட்டாரா? யார் சொன்னது என்று கேட்க வாயெடுத்தவர்தான், போனை வைத்துவிட்டார், ஏனென்றால் யார் சொன்னது என்பது அந்த நொடியில் ஞாபகம் வந்துவிட்டது.

போன மே மாதம். கேட் பக்கத்து சிமென்ட் பெஞ்சு, கையில் டம்ளர், சுற்றி நாலு பேர். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த அங்கன்வாடி டீச்சர் வெயிலில் முகம் சிவந்துபோய், துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, 303 ரெண்டு தடவையாகப் பூட்டியே இருக்கிறதே என்று பொதுவாகத்தான் கேட்டாள், இவரைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். நமக்கென்ன வந்தது? ஆனால் சிஸ்டர் ரெண்டு பெரிய பெட்டியோடு ஆட்டோவில் ஏறியதைப் பார்த்தவர் இவர் ஒருவர்தான், எங்க சிஸ்டர் பயணம் என்று மாடியிலிருந்தே கேட்டதற்கு அந்தம்மா, சும்மாதான் அண்ணாச்சி, இங்கனதான் என்று சொல்லிவிட்டுப் போனதும் இவரிடம்தான். இங்கனதானா? ரெண்டு பெட்டியோடவா? மூன்று நாள் அது தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. குரோட்டன்ஸ் தொட்டிகளை 304-இல் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், பால் நிறுத்தியாயிற்று, கேபிள்காரனைப் போகச் சொல்லியாயிற்று, ஒன்றும் ஒன்றும் சேர்த்தால் ரெண்டு, ஆக சொந்த ஊர் நாகர்கோவிலுக்கு ஒரேயடியாக மூட்டை கட்டியாயிற்று, பிளாட்டை விற்கப் போகிறார் என்று விசாலத்திடம் கணித்துச் சொன்னவர், மூன்றாம் நாள் அதைத் தன் கண்ணால் பார்த்த சங்கதியாகவே நம்ப ஆரம்பித்திருந்தார். டீச்சரிடம் நல்ல சுத்தமான மராத்தியில், த்யா கேல்யா, காவீ, காயம்ச்யா என்றார். போய்விட்டார்கள், ஊருக்கு, ஒரேயடியாக. அந்தக் 'காயம்ச்யா'வை எவ்வளவு அழுத்திச் சொன்னோம்! டீச்சர் நன்றி சொல்லிவிட்டு எழுதிக்கொண்டாள். ஜூலையில் சிஸ்டர் அதே ரெண்டு பெட்டியோடு வந்து இறங்கினார், கொஞ்சம் இளைத்திருந்தார், எங்கே போயிருந்தார் என்று யாருக்கும் சொல்லவில்லை, பெஞ்சில் நாலு பேர் இவரைப் பார்த்துச் சிரித்தார்கள், அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தார்… அந்தச் சிரிப்பையே ஒரு வாரம் தாங்க முடியாமல் கீழே இறங்காமல் இருந்த மனுஷனுக்கு டீச்சர் எழுதிக்கொண்டது மறந்தே போயிற்று.

என்னங்க, சீட்டை வெச்சுக்கிட்டு ஜோசியமா பாக்கறீங்க, போய்க் குடுத்துட்டு வாங்க, பொழுது சாயப்போவுது என்று விசாலம் விரட்டியதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். லிஃப்ட் இல்லாத கட்டடம், முட்டி ஒவ்வொரு படிக்கும் ஒரு வார்த்தை சொல்லியது. 201-இல் மாதவ், சென்னையில் பிறந்து இங்கே வளர்ந்து மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் தட்டுகிறவன், அங்கிள், நாலு ஓட்டு போடணும்னு சொல்றாங்க, நான் ஒண்ணு மட்டும் போட்டுட்டு ஓடி வந்தா சல்தா ஹை, பரவால்ல இல்லயா என்று கேட்க, வேறொரு நாளாயிருந்தால் வார்டுக்கு நாலு இடம், நாலு பட்டன் என்று அரைமணி நேரம் வகுப்பெடுத்திருப்பார், இன்றைக்கு, நாலும் அமுக்குப்பா என்பதோடு சரி. என்ன அங்கிள், உடம்பு சரியில்லயா? அதைக்கூட நின்று கேட்காமல் ஏறினார். என்ன சொல்லலாம்… ஆபீஸ் தப்பு என்று சொல்லலாம், கம்ப்யூட்டர் தப்பு என்று சொல்லலாம், கம்ப்யூட்டர் வந்து இல்லையென்றா சொல்லப்போகிறது? இல்லை, நான்தான் சிஸ்டர் சொன்னேன், தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று நேராக… அப்படிச் சொன்னால் என்ன நடக்கும்? தெரியாமல் ஏன் சொன்னீங்க என்று கேட்பார். ரெண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது, வேண்டாம் வேண்டாம் என்று தள்ளினாலும் அது வந்தே தீர்ந்தது, ஆறு வருஷம் முன்னால் மூல ஆபரேஷன் முடிந்து இவர் குப்புறக் கிடந்த பத்து நாள். ஓய்வு பெற்ற நர்ஸான சிஸ்டர்தான் கூப்பிட்ட குரலுக்கு வந்து, முகம் சுளிக்காமல் கட்டு மாற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போனவர். கட்டடத்தில் எல்லோரும் பக்தா காகாவுக்கு இடுப்பு வலி என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இடுப்பு வலி என்று அவர்களுக்குச் சொன்னது யார்? சிஸ்டர்தான். ஒரு வார்த்தை இவரைக் கேட்காமல், இவர் மானத்தைத் தானாகவே போர்த்திவிட்டுப் போயிருக்கிறார்… 

303-இன் கதவு திறந்தேதான் இருந்தது. வாங்க அண்ணாச்சி, ஒங்களத்தான் நெனச்சேன், எனக்குச் சீட்டு இல்லியாம்லா, ஒங்க வீட்டம்மா சொன்னாவன்னு 304-ல சொன்னா. நாற்காலியில் நாளைக்கு உடுத்த இஸ்திரி போட்ட புடவை மடித்து வைத்திருந்தது, இளநீலம். முப்பத்துநாலு வருசமா இங்க ஓட்டு போடுதேன், ஒரு தடவ காய்ச்சலோட போயிருக்கேன், இப்பம் பாத்து என்னைய ஊரவிட்டே அனுப்பிட்டானுவ என்று சிரிக்கத்தான் செய்தார், ஆனால் அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில் உதடு ஒரு மாதிரி நின்றது. பக்தவத்சலம் செருப்பைக் கழற்றாமலே நின்றார். சிஸ்டர், அது வந்து… என்று இவர் இழுப்பதற்குள் சிஸ்டர், அந்த டீச்சர் நல்ல பிள்ளை அண்ணாச்சி, போன் பண்ணிக் கேட்டேன், பக்கத்துல விசாரிச்சுதான் எழுதினேன் ஆன்ட்டின்னு சொல்லுதா. இவர் கையிலிருந்த சீட்டுக் கட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். யாருகிட்ட விசாரிச்சன்னு நான் கேக்கல, கேட்டு என்ன செய்யதுக்கு, தெனம் படியில அந்த மொகத்தப் பாக்கணும்லா. சொல்லும்போது அவர் இவரைப் பார்க்கவில்லை, அலமாரியைப் பார்த்தார். தெரிந்துதான் சொல்கிறாரா? தெரியாமல் சொல்கிறாரா? தெரிந்திருந்தால் இந்தக் குரல் இப்படி இருக்குமா? தானாயிருந்தால் டீச்சரைப் பத்துத் தடவை கேட்டிருப்போமே, பெயர், பிளாட் நம்பர், எத்தனை மணிக்குச் சொன்னார், கூட யார் யார்… ஒரு மனுஷியால் எப்படிக் கேட்காமல் இருக்க முடிகிறது? இப்போது சொல்லிவிடு, இப்போதே, இது தாண்டினால் முடியாது என்று உள்ளே ஒன்று முட்டியது, வாய் திறந்தது, வந்தது என்னவோ, ச்சே, என்ன அநியாயம் சிஸ்டர் என்பதுதான்.

நாளைக்கு ஏழரைக்கு நீங்க கூட வாரியளா, எனக்கு ஊசி போடுற மராத்திதான் வரும், சண்ட போடுற மராத்தி வராது, பழைய ஓட்டர் கார்டு இருக்கு, காட்டிப் பாப்போம் என்று அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து மேஜையில் பிரித்தார். பட்டியலில் பெயர் இல்லாமல் கார்டை வைத்து விசிறிக்கொள்ளத்தான் முடியும் என்று இவருக்குத் தெரியும், தெரிந்தேதான், வர்றேன் சிஸ்டர், பாத்துடலாம் என்றார். அவர் கார்டைத் தேடித் தாள்களைப் புரட்டினார், ரேஷன் கார்டு, பென்ஷன் தாள், அப்புறம் ஒரு பச்சை அட்டை. முப்பது வருஷம் ஆபீசில் மேலதிகாரி மேஜைக்கு எதிரே நின்று தலைகீழாகப் படித்துப் பழகிய கண், அதற்கு ஒரு நொடி போதும். வேலூர் ஆஸ்பத்திரி. புற்றுநோய்ப் பிரிவு. மே பதினொன்று. இடது பக்கம்… அதற்குள் சிஸ்டர் அட்டையைத் திருப்பிப்போட்டு, இந்தா கெடச்சுட்டு என்று கார்டை நீட்டினார். இவர் வாங்கிப் பார்த்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் சொல்ல முடியாது. காப்பி குடிக்கியளா? இல்ல சிஸ்டர், 304-க்குக் குடுக்கணும்… 304-க்கும் 401-க்கும் எப்படிக் கொடுத்தார், யாரிடம் என்ன பேசினார் என்பது நினைவில்லை, பெயர்கள் தீர்ந்து கை காலியானதும் இறங்க ஆரம்பித்தார். வேலூர். காஞ்சிபுரத்துக்காரன், அந்த ரயில் போகும் வழியெல்லாம் தெரிந்தவன், ரெண்டு பெட்டியைப் பார்த்தும் எனக்குத் தோன்றவில்லையே! சீ, இப்போது இதுவா முக்கியம்? அந்தம்மா வெயிலில் தனியாகப் போய் அறுத்துக்கொண்டு கிடந்த வாரத்தில், இங்கே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தபடி அவரை இந்த ஊரிலிருந்தே அடித்துவிட்டோம், அதைச் சொல்லிவிட்டு வரத்தானே போனோம், சொன்னோமா? அவர் கார்டைத் தேடிய நேரம் முழுக்கக் கண் எங்கே இருந்தது? வெட்கமாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினார், வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அதற்கு அடியில், கரண்டி வைத்துக் கிளறினால் வருகிற மாதிரி, வேறொன்றும் இருந்தது, அது கிட்டத்தட்ட சந்தோஷம்… எட்டு மாதமாக யாருக்கும் தெரியாதது.

கதவைத் திறந்த விசாலம் முகத்தைப் பார்த்ததுமே, என்னங்க, சிஸ்டர் சத்தம் போட்டாங்களா என்றாள். இல்லை. அவளே தொடர்ந்தாள், பாவம், ஒரு ஓட்டுக்குப் புடவையெல்லாம் இஸ்திரி போட்டு வெச்சிருந்தாங்களாம், 304-ல போன்ல சொன்னாங்க… ஆமா, அப்ப எங்கதான் போயிருந்தாங்க, இப்பவாவது கேட்டீங்களா? பக்தவத்சலம் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பின் வாரை அவிழ்த்தார், தேவையில்லாத அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டு அவிழ்த்தார். கேட்கவில்லை என்பது உண்மைதானே, அதைச் சொன்னால் போதும், ஒரே வார்த்தை. தண்ணி குடு என்றார். அவள் உள்ளே போனாள், குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, அந்தச் சத்தத்துக்குள் வாக்கியம் ஒன்று தலை முதல் கால் வரை தானாகவே அமைந்து நாக்கின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது, அவர் அமைக்கவில்லை, சத்தியமாக அவர் அமைக்கவில்லை, அதன் முதல் வார்த்தைகளைக் கவனித்தபோதுதான் உடம்பு கூசியது, 'யார்கிட்டயும் சொல்லாதே'.