பாறை நொண்டியது எந்தக் கால்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடை ஓய்ந்து கிடந்த நேரத்தில், தன் போனை முகம் பார்க்கும் கண்ணாடிக்கு எதிரே தூக்கிப் பிடித்தான். போன் திரையில் ஒரு பழைய தொடரின் காட்சி, பயிற்சி மைதானம். தொப்பியைச் சாய்த்து வைத்த சார்ஜென்ட் ஒருவர் நொண்டியபடி நடந்துகொண்டிருந்தார். திரையில் பார்த்தால் இடது கால். கண்ணாடியில் பார்த்தால் வலது கால். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை, எந்தக் கண்ணாடியும் அப்படித்தான் காட்டும். அவனைத் திடுக்கிட வைத்தது வேறு. சார்ஜென்ட்டுக்குப் பின்னால் சுவரில் ஏதோ கறை என்று இத்தனை வருடமாக அவன் நினைத்திருந்தது, கண்ணாடியில் படிக்கும்படியான எழுத்தாக நின்றது: 'ஒன்பதாம் பயிற்சிப் படை'. ஆக, தொடரை எடுத்தவர்கள், அவர் நொண்டுவது தெளிவாகத் தெரிகிற அந்த ஒரு காட்சியை மட்டும் இடவலமாகத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். இணையத்தில் அவனோடு மல்லுக்கட்டிய பூட்ஸ் அண்ணன் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி.

ஒன்பதாம் பயிற்சிப் படை என்று உலகத்தில் எதுவும் கிடையாது. அது ஒரு தொலைக்காட்சித் தொடர், முடிந்தும் பல காலம் ஆகிவிட்டது. ஆனால் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிற ஒரு சின்னக் கூட்டம் இன்னும் இருந்தது. படையில் சேர்ந்த ஒவ்வொரு பயிற்சி வீரனுக்கும், முகாமில் திரிந்த நாய்க்கும், ஒரே ஒரு தடவை காட்டப்பட்ட சமையல்காரருக்கும்கூடத் தனித்தனிப் பக்கம் வைத்து, யாரும் எழுதித் திருத்தக்கூடிய ஒரு விக்கியை இணையத்தில் நடத்தினார்கள். அங்கே அவனுக்குப் பெயர் 'நாலாவது கொட்டகை'. அவனோடு சேர்ந்து பாதிப் பக்கங்களை எழுதியவருக்குப் பெயர் 'பழைய பூட்ஸ்'. இருவரும் நேரில் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. நம்பர் வாங்கி வைத்திருந்தும் எழுத்திலேயே அண்ணன் தம்பியாகப் பழகிவிட்டார்கள். கடையில் முதலாளியம்மா கடுகடுத்த நாட்களில் அவனுக்கு ஆறுதலே பூட்ஸ் அண்ணன் எழுதுகிற நக்கலான குறிப்புகள்தான்.

சண்டை வந்தது 'பாறை' என்ற அந்த சார்ஜென்ட்டின் காலை வைத்து. பாறையின் பக்கத்தை எழுதியவன் அவன். கண்ணிவெடிக் காட்சியில் இடது பக்கம் புகை வருவதையும், மழை நாளில் பாறை முட்டியைத் தடவுவதையும் கோத்து, இடது காலுக்கென்றே நீளமான பகுதி ஒன்றை எழுதியிருந்தான். விக்கியின் சிறந்த கட்டுரை என்று முதல் பக்கத்தில் அதைத்தான் போட்டிருந்தார்கள். பூட்ஸ் அண்ணன் வந்து சாவகாசமாக 'வலது' என்று மாற்றினார். சட்டைப் பித்தான் எந்தப் பக்கம் இருக்கிறது பார் தம்பி, காட்சியைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்று காரணமும் எழுதினார். இவன் பழையபடி மாற்றினான். அவர் மறுபடியும் மாற்றினார். இப்படியே நடந்து, வேடிக்கை பார்க்க ஆட்கள் வேறு கூடிவிட்டார்கள்.

கண்ணாடியைப் பார்த்த அந்த நிமிடமே அவன் ஒப்புக்கொண்டிருக்கலாம். 'அண்ணே, நீங்க சொன்னதுதான் சரி' என்று ஒரு வரி. அதற்கு என்ன கிரீடமா இறங்கிவிடும்? இறங்கும் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. கண்ணுக்குக் கண்ணாடி போடுகிறவனுக்குப் படம் திரும்பிக் கிடப்பது தெரியவில்லையா என்று நாலு பேர் சிரிப்பார்கள். அத்தனை பேர் எதிரில் மூக்கு உடைபடுவதை நினைத்தபோதே காது சூடாகிவிட்டது.

அந்த விக்கிக்கு ஒரு காவல்காரன் உண்டு. 'வாசல் காவல்' என்ற பெயரில், விதி மீறுகிறவர்களை வெளியே நிறுத்துவது அந்த ஆளின் வேலை. யார் என்று யாருக்கும் தெரியக் கூடாது, தெரிந்தால் நட்பை வைத்துச் சலுகை கேட்பார்கள் என்பது விக்கியைத் தொடங்கியவர் செய்த ஏற்பாடு. அவர் ஒதுங்கிக்கொண்டபோது சாவியை ரகசியமாக இவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப மாற்றுவது விதிமீறல். மாற்றியவர்கள் இரண்டு பேர் என்பது உண்மைதான். அவன் நாலாவது கொட்டகை என்ற கணக்கிலிருந்து வெளியே வந்து, வாசல் காவலாக உள்ளே போய், பழைய பூட்ஸை மட்டும் தடுத்தான். எவ்வளவு காலம் என்று கேட்ட இடத்தில் 'காலவரையின்றி' என்று போட்டான். பிறகு ஒரு பாட்டியின் பிரேமுக்கு ஸ்க்ரூ மாற்றப் போய்விட்டான்.

பூட்ஸ் அண்ணனிடமிருந்து திட்டு வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. ஒரு வாரம் போனபின், லென்ஸ் ஓரத்தைச் சாணை பிடித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ஒரு பெண் குரல்.

"நாலாவது கொட்டகைங்களா?"

அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்லி அவன் கேட்டதில்லை. மிஷினை நிறுத்தினான்.

"நான் பழைய பூட்ஸோட வீட்டுக்காரி. தொந்தரவு பண்றதுக்கு மன்னிச்சுக்கோங்க தம்பி. அவரு படுத்த படுக்கையா இருக்காரு, உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாரு. ஒரு பக்கம் இழுத்துடுச்சு. பேச்சும் தெளிவா வராது. ஒரு கை மட்டும் நல்லா இருக்கு, அதுல ஒத்த விரலால தட்டித் தட்டித்தான் உங்களுக்கெல்லாம் எழுதுவாரு. போன வாரம் காலையில திறந்து வச்சேன், உங்களைத் தடுத்தாச்சுன்னு வந்துச்சு. அவரு பாக்குறதுக்குள்ள மூடிட்டேன். நெட்டு வரலன்னு சொல்லி வச்சிருக்கேன். தினம் கேக்குறாரு, சரி பண்ற ஆளு வந்தானா, வந்தானான்னு."

அவன் கையிலிருந்த லென்ஸை மேஜையில் வைத்தான்.

"யாரோ வாசல் காவலாம். எனக்கு அவங்களத் தெரியாது. உங்களப் பத்திதான் இவரு எப்பவும் சொல்வாரு. நீங்க கொஞ்சம் அவங்ககிட்ட பேசிப் பாருங்களேன். இவரு ஏதாவது தப்பா எழுதியிருந்தா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

நான்தான் அது என்று சொல்ல வாய் திறந்தான். "பேசிப் பாக்குறேன்கா" என்று வந்தது.

பேச யார் இருக்கிறார்கள்? கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே தடையை எடுத்தான். உடனே கூப்பிட்டுச் சொன்னால் சந்தேகம் வருமோ என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான். அந்தக் காத்திருப்பை நினைத்து அவனுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. "பேசிட்டேன்கா, திறந்து விட்டுட்டாங்க" என்று சொன்னபோது அந்த அம்மா நன்றி சொன்ன விதத்தில், நான் இப்படியே மண்ணுக்குள் போய்விட மாட்டேனா என்றிருந்தது.

வீட்டில் மனைவி பழைய கால்சட்டை ஒன்றின் கீழ் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவனுடைய விக்கியை அவள் 'உங்க பட்டாளம்' என்றுதான் சொல்வாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் பல்லில் நூலைக் கடித்தபடி கேட்டாள்.

"அப்போ ரெண்டு பேரும் நீங்கதானா?"

"ஆமா."

"பாவம் அந்தம்மா. திருடன்கிட்டயே போய்ப் புகார் குடுத்திருக்காங்க."

அவள் சிரிக்கப் போனாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"அவர்கிட்ட சொல்லிடுங்க. இல்லேன்னா உங்களுக்கு இனிமே சோறு இறங்காது" என்றாள்.

சொல்லாமல் இருக்க ஒரு வழி கிடைக்காதா என்று அவன் மறுநாள் காலை கடைக்குப் போகும் பஸ்ஸில் விக்கியைத் திறந்தான். நாலாவது கொட்டகைக்கு ஒரு செய்தி இருந்தது. 'தம்பி, உன் அக்கா எல்லாம் சொன்னாள். எனக்காக வாசல் காவலிடம் வாதாடினாயாம். சொந்தத் தம்பி இருந்தால்கூடச் செய்திருக்க மாட்டான்.' அதைப் பாதியில் மூடிவிட்டு, சமீபத்தில் யார் என்ன மாற்றினார்கள் என்று காட்டுகிற பக்கத்துக்குப் போனான். திரை முழுக்கப் பழைய பூட்ஸ். பழைய பூட்ஸ். பழைய பூட்ஸ்.

பாறையின் பக்கத்தில் அவர் கை வைக்கவில்லை, அங்கே ஏற்கெனவே 'இடது' என்றுதான் இருந்தது. தான் எழுதிய மற்றப் பக்கங்களுக்குப் போயிருந்தார். முகாம் நாய் பாறையின் வலது காலோரம் படுக்கும் என்று எழுதியிருந்ததை இடது காலோரம் என்று மாற்றியிருந்தார். ஆற்றைக் கடக்கிற காட்சி, தண்டனை ஓட்டம், மருத்துவக் கூடாரம், ஒவ்வொன்றிலும் தேடித் தேடி வலதை எடுத்துவிட்டு இடதைப் போட்டிருந்தார். ஒரு சொல்லை மாற்றுவார், சேமிப்பார், அடுத்ததற்குப் போவார். பித்தானைப் பற்றி எழுதியிருந்ததையும் அவரே அழித்திருந்தார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கீழே அதே வரி: 'நான்தான் தவறாகப் பார்த்துவிட்டேன். வாசல் காவல் மன்னிக்கவும்.' ஒன்றை எழுதி மற்ற இடங்களில் ஒட்டியதில்லை. ஓரிடத்தில் எழுத்துப் பிழை இருந்தது, இன்னொரு இடத்தில் இல்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தட்டியிருக்கிறார், அந்த ஒற்றை விரலால்.

அவன் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. அடுத்ததில் இறங்கி, பூட்டியிருந்த ஒரு கடையின் ஷட்டர் ஓரமாக நின்று கூப்பிட்டான். அந்த அம்மாதான் எடுத்தார்.

"அக்கா, அண்ணன்கிட்ட பேசணும்."

"அவரு பேசுறது உங்களுக்குப் புரியாதே தம்பி."

"நான் பேசுனாப் போதும். அவர் கேட்டாப் போதும்."

போன் கை மாறுகிற சத்தம். பிறகு மூச்சு. "தம்... பி" என்றது ஒரு குரல். இத்தனை வருட நக்கலுக்கெல்லாம் பின்னால் இருந்தது இந்தக் குரல்தான். அதில் சந்தோஷம் இருந்தது, அதுதான் அவனைக் கொன்றது.

"அண்ணே, வலது கால்தான். நீங்க சொன்னதுதான் சரி. எனக்கு அன்னைக்கே தெரியும், கடைக் கண்ணாடியில வச்சுப் பாத்துட்டேன். தெரிஞ்சும்தான் உங்களத் தடுத்தேன். வாசல் காவல் நான்தான். அக்காகிட்டயும் பொய் சொன்னேன். நான் யார்கிட்டயும் பேசல அண்ணே. பேச யாரும் இல்ல."

மூச்சு அப்படியே நின்ற மாதிரி இருந்தது, பிறகு வந்தது. அவன் காத்திருந்தான். ஒரு திட்டு வந்தால் போதும், புரியாத திட்டாக இருந்தாலும் போதும். துணி உரசுகிற சத்தம்தான் கேட்டது. அந்த அம்மா போனை எடுத்தார்.

"என்னன்னு தெரியல தம்பி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. நேத்து ராத்திரியிலேர்ந்து ஓயாம தட்டிக்கிட்டு இருந்தாரா, அசந்துட்டாரு போல. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க."

அவன் பதில் சொல்வதற்குள் போனை எங்கோ வைத்துவிட்டார். வைத்தாரே தவிர அணைக்கவில்லை. மின்விசிறி கடகடவென்று சுற்றுவது கேட்டது. டம்ளரில் ஸ்பூன் கலக்குகிற சத்தம். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. ஒரு வாய் குடிங்க. அந்தத் தம்பி என்ன சொல்லுச்சு? சொல்லுங்களேன்" என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பூட்டியிருந்த கடையின் சொந்தக்காரர் வந்து, ஷட்டரைத் தூக்க வேண்டும், தள்ளி நில் என்றார். அவன் தள்ளி, வெயிலில் போய் நின்றான். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.