லிஃப்ட்காரர் போட்ட கேரம் பட்டியல்

முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர், மூன்றே வாரத்தில் பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கரைத்துக் குடித்துவிட்டதாகக் குடியிருப்பின் ஏழு மாடிக்கும் தம்பட்டம் அடித்திருந்தார். கேரம் போட்டிக்கு இனிச் சீட்டுக் குலுக்க வேண்டாமாம். பெயர் கொடுத்த எட்டுப் பேரையும் அரே என்கிற பட்டியலில் வரிசையாக உட்கார வைத்தால், புரோகிராமே இரண்டிரண்டாகக் கோத்துவிடுமாம்.

பிரிண்டர் துப்பிய தாளில் ஏழு பேர்தான் இருந்தார்கள். முதல் ஆளாகப் பெயர் கொடுத்த அவர் மனைவியைக் காணோம். கடைசியில் இருந்த மச்சினனுக்கு எதிரே வெற்றிடம்.

"போன தடவ என்கிட்ட தோத்தீங்கல்ல, அதான் கழட்டி விட்டுட்டீங்க," என்றாள் மனைவி. குரலை உயர்த்தவில்லை. சமையலறைப் பாத்திரங்கள்தான் ஏழாவது மாடி வரை பேசின.

வேண்டுமென்று செய்யவில்லை என்று தலையிலடித்துச் சத்தியம் செய்தார். கம்ப்யூட்டருக்கே அக்கா என்றால் நடுக்கம் போலிருக்கிறது என்று மச்சினன் எண்ணெய் ஊற்றினான்.

மணி மூன்று. நாலுக்கு ஆட்டம். அதற்குள் நிரூபிக்காவிட்டால் ஆயுசுக்கும் கெட்ட பெயர்.

ஒவ்வொருவரையும் எண்ணோடு அச்சடிக்கும்படி புரோகிராமுக்குச் சொன்னார். ஒன்றில் அவரே. இரண்டில் பல் டாக்டர். பல்லில் குழியை அடைப்பாரே தவிர, கேரம் குழியில் ஒரு காயைக்கூடப் போட்டறியாத உத்தமர். ஏழில் மச்சினன். எட்டில் ஆளே இல்லை.

மூளை கொதிக்க, காற்று வாங்கலாமென்று லிஃப்டில் ஏறினார். லட்சம் தடவையாவது அவர் விரல் பட்ட பித்தான் வரிசை எதிரே இருந்தது. தரைத்தளம், பூஜ்யம்.

அப்படியே ஓடிவந்தார். அரேயும் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணுகிறது. இவர் புரோகிராமோ ஒன்றில் கிளம்பி, இல்லாத எட்டாவது மாடியில் போய்த் தேடியிருக்கிறது.

பூஜ்யத்தில் தொடங்கி ஏழில் நிறுத்தினார். திரையில் மனைவி வந்தாள். அவளுக்கு ஜோடி அவரேதான். பல் டாக்டர் வேறொரு பாக்கியசாலிக்குப் போய்விட்டார்.

ஒரு நொடி விரல் தயங்கியது. பிறகு அச்சடித்து, தாளை அவளிடமே நீட்டினார்.

"உன்ன தரைத்தளத்துலயே நிக்க வச்சுட்டு நான் மட்டும் மேல போயிட்டேன்."

அவள் தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, வந்து உக்காருங்க. கீழ இறக்கி விடறேன்."

நாலு மணி பத்து நிமிஷத்துக்கு இறக்கிவிட்டாள், சிவப்புக் காயோடு சேர்த்து. அவர் போட்டி முடியும் வரை அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, வருவோர் போவோருக்கெல்லாம் பூஜ்யத்தை விளக்கிக்கொண்டிருந்தார்.