பேர் தெரியாத படங்களின் கடை

தெருமுனை வீடியோ கடையை மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதிலிருந்த நாலாயிரத்துச் சொச்சம் டிஸ்குகளும் தங்கை வீட்டில் குடியேறியிருந்தன. கட்டிலுக்கு அடியில், பீரோவுக்கு மேலே, குளியலறைப் பரணில் என்று எங்கே கைவைத்தாலும் ஒரு கதாநாயகன் முறைத்துக்கொண்டிருந்தான். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். டிஸ்குகளோடு அவற்றின் சொந்தக்காரரும் அல்லவா வந்து சேர்ந்திருந்தார்!

சொந்தக்காரர் வேறு யாருமில்லை, அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்தான். தெரு அவரைக் ‘கேசட்டு’ என்று கூப்பிடும். கேசட் போய் டிஸ்க் வந்த பிறகும் பெயர் போகவில்லை. ஒரு காலத்தில் வாய் ஓயாத மனுஷர். கடையை மூடிய நாளிலிருந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து டிவியில் வானிலை அறிக்கை மட்டும் பார்த்தார். வாசலை எட்டிப் பார்க்காதவருக்கு மழை பெய்தால் என்ன, வெயில் அடித்தால் என்ன? சாப்பிடு என்றால் சாப்பிட்டார், படு என்றால் படுத்தார். பழைய அண்ணன் திரும்பி வந்தால் போதும், தினம் சண்டை போட்டாலும் பரவாயில்லை என்று தங்கை ஏங்கினாள்.

தங்கை பள்ளிக்கூட நூலகர். ஒன்றை நினைத்தால் ஒற்றைக் காலில் நிற்பவள். வீடு வீடாகப் போய்ப் பேசி, கடையைத் தெருவே சேர்ந்து நடத்தும் சங்கமாக்கிவிட்டாள். முதலாளி கிடையாது, லாபம் கிடையாது; உறுப்பினர்கள் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் முறைபோட்டு வேலை பார்க்க வேண்டும். பழைய கடை இருந்த கட்டடத்துக்காரம்மா அறையைச் சும்மாவே தர ஒத்துக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

“கடை திறந்து முதல் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள இருநூறு பேர் சேரணும். சேரலைன்னா சாவிய குடுத்துருங்க. சலூன்காரர் ரெண்டு மாசமா கேட்டுட்டிருக்காரு.”

“நீங்களே நடத்துங்கம்மா. எனக்கு இனிமே அங்க என்ன வேலை?” என்று தங்கையிடம் சொல்லிவிட்டு அண்ணன் வானிலைக்குத் திரும்பிவிட்டார்.

சரி, கடையைப் பார்த்தால் தானாக வருவார் என்று தங்கை கங்கணம் கட்டிக்கொண்டு இறங்கினாள். தன்னார்வலர்கள் ஏழு பேர், பதினோரு நாள். டிஸ்குகளைத் துடைத்தார்கள், அகரவரிசையில் அடுக்கினார்கள், ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார்கள். உறைகளின் முதுகில் பச்சை, மஞ்சள், ஊதா என்று வட்ட வட்டமாக ஏதோ ஒட்டியிருந்தது. பழைய விலைச்சீட்டு போலிருக்கிறது என்று சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஒன்றுவிடாமல் சுரண்டி எடுத்தார்கள். நகம் தேய்ந்ததுதான் மிச்சம். அலமாரிகள் பளபளவென்று நிற்பதைப் பார்த்துத் தங்கைக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை கடை திறந்தது. முதலில் வந்தவர் பஸ் டிரைவர்.

“அந்தப் படம் குடுங்கம்மா. ஒருத்தன் ஸ்டேஷன்ல உக்காந்துட்டே இருப்பான், கடைசில ரயிலே வராது.”

“பேர் என்னங்க?”

“பேர் தெரிஞ்சா நானே போன்ல தட்டிப் பாத்துக்க மாட்டேனா?”

அடுத்து வந்த பேக்கரிக்காரிக்கு, ‘அழணும், ஆனா யாரும் சாகக் கூடாது’ என்கிற மாதிரி ஒரு படம் வேண்டுமாம். அகரவரிசையில் அதற்கு எங்கே போவது? வந்தவர்கள் அலமாரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்க” என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். பாராட்டியவர்களில் ஒருவரும் சேரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை உறுப்பினர்கள் ஐம்பத்தெட்டு.

பஸ் டிரைவர் மறுபடி வந்து தலையைச் சொறிந்தார். “கேசட்டு அண்ணன் இருந்தா நேரா பச்சை ஒட்டு பக்கம் போவாரு. பச்சைன்னா தனியா இருக்கும்போது பாக்கறது. ஊதா, வீட்ல சண்டை போட்ட அன்னிக்கு. ஆமா, அந்த ஒட்டெல்லாம் எங்க, காணோம்?”

தங்கைக்கு அப்போதுதான் உறைத்தது. இருபது வருஷமாக அண்ணன் ஒவ்வொரு படத்தையும் பார்த்துப் பார்த்து ஒட்டியதை, பதினோரு நாளில் சோப்புப் போட்டுக் கழுவி ஊற்றியிருக்கிறாள். அதுவும் ஆள் வைத்து! விஷயம் தெரிந்தால் அண்ணன் நாற்காலியோடு நாற்காலியாகிவிடுவாரே என்று பயந்து, அன்று ராத்திரி முழுக்கச் சொல்லாமல் விழுங்கினாள். சனிக்கிழமை காலை அவளால் முடியவில்லை.

“அண்ணா, உன் கலர் ஒட்டு இருக்குல்ல… அதையெல்லாம் நான் சுரண்டிட்டேன்.”

அண்ணன் டிவியை அணைத்தார்.

“எல்லாத்தையுமா?”

“நாலாயிரத்தையும்.”

“அறிவிருக்கா உனக்கு? படிச்சவதானே நீ? எந்த நூலகத்துல சொல்லிக் குடுத்தாங்க இப்படிச் சுரண்டணும்னு?” அண்ணன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. இரண்டு வருஷத்து மௌனத்துக்கும் வட்டியும் முதலுமாகத் திட்டினார். சின்ன வயதில் அவள் உடைத்த பேனா வரைக்கும் இழுத்தார். தங்கை கண் கலங்கக் கேட்டுக்கொண்டு நின்றாள். திட்டுக்காக அல்ல, அந்தக் குரலைக் கேட்ட சந்தோஷத்தில்.

திட்டி முடித்த கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். சேதத்தைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தவரிடம், பஸ் டிரைவர் விடாமல் தன் ரயிலைக் கேட்டார். அண்ணன் யோசிக்கக்கூட இல்லை, படத்தின் பேரைச் சொன்னார். சொன்னாரே தவிர, அது எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியவில்லை. கைகள் பழைய இடத்தைத் துழாவின.

“நாலாவது அலமாரி, ரெண்டாவது தட்டு” என்ற தங்கை, எண்ணி மூன்று விநாடியில் எடுத்து நீட்டினாள்.

அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

அதற்கப்புறம் கடை பிடித்த வேகம் சொல்லி மாளாது. “வீட்ல யாரெல்லாம்? சாப்பிட்டாச்சா? யார்கிட்ட கோவம்?” என்று அண்ணன் டாக்டர் மாதிரி விசாரித்துப் பேரைச் சொல்வார்; அவர் வாய் மூடுவதற்குள் தங்கை கையில் டிஸ்க் இருக்கும். விஷயம் கேள்விப்பட்டுத் தெருவே திரண்டு வந்தது. ஆனாலும் ஆறு மணிக்குக் கட்டடத்துக்காரம்மா வந்து நின்றபோது பதிவேட்டில் இருந்தது நூற்று எழுபத்து மூன்று பேர்.

“சாவி” என்று கையை நீட்டினார்.

தங்கை மேஜை இழுப்பறையைத் திறந்தாள். அண்ணன், ஒரு காலைச் சரியாக ஊன்றாமல் நின்ற கட்டடத்துக்காரம்மாவைப் பார்த்தார்.

“கால் வலியா உங்களுக்கு? வீட்ல இப்ப தனியாவா இருக்கீங்க?”

“பொண்ணு வேலைக்கு வெளியூர் போயிட்டா. அதுக்கென்ன? நான் படமெல்லாம் பாக்கறதில்ல.”

அண்ணன் மெல்ல ஒரு பேர் சொன்னார். தங்கை எடுத்து வந்து, நீட்டியிருந்த அந்தக் கையிலேயே வைத்தாள்.

“ஏழு நாள்ல திருப்பிக் குடுத்துரணும்” என்றார் அண்ணன்.

“அடுத்த வாரம் இங்க சலூன்தானே இருக்கும்!”

“அப்ப எங்க கொண்டு வந்து குடுப்பீங்க?”

கட்டடத்துக்காரம்மா டிஸ்கைப் பார்த்தார். உறைப் படத்தில் ஒரு அம்மாவும் பெண்ணும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெகு நேரம் பார்த்தார்.

“ஒரு வாரம். ஒரே ஒரு வாரம்தான்” என்று விரலை ஆட்டிவிட்டு, டிஸ்கைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

தங்கை ஷட்டரை இறக்கினாள். அண்ணன் பூட்டை இழுத்துச் சரிபார்த்தார்.

“நாளைக்கு எத்தனை மணிக்குத் திறக்கணும்?”

இரண்டு வருஷமாக அவர் நாளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. தங்கை சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“ஒன்பதுக்கு. லேட்டா வந்தா பதிவேட்ல எழுதிருவேன்.”