பொது வண்டி

ஆண்டனியின் கையிலிருந்த கல்லை ஆக்சிலியா விரல் விரலாகப் பிரித்துப் பிடுங்கிக் கீழே போட்டாள். எதிரே கோயிலின் வண்டிக் கொட்டகை பூட்டிக் கிடந்தது. அதன் படியோரம், ஒரு பெஞ்சின் மேல், அவர்கள் அப்பா சவரி பிணமாகக் கிடந்தார்.

"வேணாம்டா. சாகறப்ப என் கையிலதான் சத்தியம் வாங்குனாரு" என்றாள் தம்பியிடம்.

கொட்டகைக்குள் இருந்தது சவவண்டி. கறுப்புக் கூரை, மேலே மரச்சிலுவை, நாலு சக்கரம். கோயிலின் பொது வண்டி என்று பேர். ஊரில் யார் செத்தாலும் கல்லறைக்கு அதில்தான் போவார்கள், காலனிக்காரர்களைத் தவிர. அவர்களும் அதே கோயிலில் நற்கருணை வாங்குகிறவர்கள்தான். செத்தால் மட்டும் பாடை.

பதினோரு வருஷமாக ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும், காலனிக்கும் அந்த வண்டி வேண்டுமென்று சவரி இந்தப் படியில் துண்டை விரித்துப் பட்டினியாக உட்கார்ந்தார். ஒரு வருஷம் தலையில் சாணித் தண்ணீர் ஊற்றினார்கள். துடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார். அடிக்கிறவனுக்கும் ஒருநாள் மனசு வலிக்கும், அன்றைக்கு அவனே கொடுப்பான் என்பது அவர் கட்சி.

போன நவம்பரில் கமிட்டித் தலைவர் அருளப்பனின் மகன் அவரைப் பிடித்துத் தள்ளினான். படியில் விழுந்து இடுப்பு முறிந்தது. போலீஸில் சவரி அவன் பேரைச் சொல்லவில்லை. பையன் வேலைக்குப் பரீட்சை எழுதியிருக்கிறான், கேஸானால் கெட்டுப்போவான் என்றார். மூன்று மாதம் படுக்கையில் கிடந்து, முதுகுப் புண்ணில் புழு வைத்துச் செத்தார். புழுக்களை எடுத்துப் போட்டவள் ஆக்சிலியா. அப்போது அப்பாவின் மேல் வந்த ஆத்திரம் அவளுக்கு அருளப்பன் மேல்கூட வந்ததில்லை.

ஆனாலும் சத்தியம் செய்தாயிற்று. வண்டி கிடைக்கிறவரை பிணம் காத்திருக்க வேண்டும். ஒருத்தரும் கல்லெடுக்கக் கூடாது. கொடுத்தால் முதலில் நன்றி சொல்ல வேண்டும். விட்டுக்கொடுத்தவன் தலைகுனியக் கூடாது.

உச்சிவெயிலில் வாடை கிளம்பியது. மேலத்தெருப் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தார்கள். இரண்டு மணிக்கு அருளப்பன் வந்தார். பூட்டைத் திறந்து, வண்டியைத் தன் கையாலேயே வெளியே தள்ளிவிட்டார்.

"ரொம்ப நன்றிங்க" என்று கைகூப்பிக் குனிந்த ஆக்சிலியா அழுதுவிட்டாள். அப்பா, ஜெயிச்சிட்டப்பா என்று அந்தச் செத்த காதில் கத்த வேண்டும் போலிருந்தது. மேலத்தெரு வழியாகவே வண்டி போனது. ஆண்டனிகூட அழுதுகொண்டே தள்ளினான்.

அடக்கம் முடிந்ததும் சக்கரத்துச் செம்மண்ணைக் கழுவி வண்டியைக் கொட்டகையில் விடுவது ஊர் வழக்கம். காலனிக்காரர்கள் அதைச் செய்வது இதுதான் முதல் தடவை. ஆக்சிலியா ஆரக்கால் ஒவ்வொன்றையும் தன் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

கொட்டகையில் வேறொரு வண்டி நின்றது. பளபளவென்று ஸ்டீல், ரப்பர் டயர். மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாளை இன்னும் பிரிக்கவில்லை. அருளப்பனின் மகன் கதவைச் சாத்திப் புதுப் பூட்டைப் போட்டுக்கொண்டிருந்தான்.

அருளப்பன் அமைதியாகத்தான் சொன்னார். "அந்தப் பழசு உங்க பக்கமே இருக்கட்டும்மா. அப்பாவுக்கு முடியலன்னு கேள்விப்பட்டப்பவே சேலத்துல புதுசு சொல்லிட்டோம். மதியந்தான் வந்து எறங்குச்சு. அவரு கேட்டதுதான் கெடச்சிடுச்சில்ல?"

அவர்கள் போய்விட்டார்கள். கழுவிய வண்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

காலையில் அவள் பிடுங்கிப் போட்ட கல் அங்கேயே கிடந்தது. ஆண்டனி அதை எடுத்தான். "இப்ப சொல்லுக்கா" என்றான்.

ஆக்சிலியா தோளில் கிடந்த அப்பாவின் துண்டை உதறிப் படியில் விரித்தாள். அதில் தம்பிக்குப் பாதியை விட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

ஆண்டனி கல்லைக் கீழே போடவில்லை. எறியவும் இல்லை.