தேர் உரசிய வீடு

ஞானசம்பந்தன் வீட்டு மாடிப் பால்கனியின் மூலையில், ஒரு தேங்காய் மூடி அளவுக்குக் காரை பெயர்ந்து செங்கல் தெரிந்தது. அதைச் செய்தது ஒரு பீரோ. அவருக்குக் கல்யாணமான புதிதில், மாமனார் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து சீராக அனுப்பிய இரும்பு பீரோ. மாடிப்படி குறுகல் என்பதால் தெருவிலிருந்தே கயிறு கட்டி மேலே ஏற்றினார்கள். பாதி உயரத்தில் அது ஒரு சுற்றுச் சுற்றி மூலையில் இடித்தது. சுவர் பெயர்ந்தது. பீரோவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. தன் பிறந்த வீட்டுப் பெருமை பேச அவர் மனைவி உலகம்மாளுக்கு இன்றைக்கும் அது ஒன்றே போதும்.

அந்தப் பொத்தல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சரித்திரமாகிவிட்டது.

சித்ரலேகா என்றொரு பெண். இயற்பியல் படித்துவிட்டு ஜங்ஷன் பக்கம் ஒரு டியூஷன் சென்டரில் பாடம் எடுப்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனின் பழைய தெருக்களைச் சுற்றிக்காட்ட ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவாள். நிறையப் படித்திருந்தாள். குரல்தான் பக்கத்தில் நிற்பவருக்கு மேல் போகாது. அன்றைக்கும் அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, பின்வரிசையில் நின்ற ஒருவர் பொறுமையிழந்து அண்ணாந்து பார்த்தார்.

"அது என்ன, ஒடஞ்சி கெடக்கு?"

பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஞானசம்பந்தன் குனிந்தார். கீழே இருந்த முகங்கள் எல்லாம் அவரை நோக்கி நிமிர்ந்திருந்தன. தாலுகா ஆபீஸில் வேலை பார்த்த காலம் முழுக்க அவரை யாரும் அண்ணாந்து பார்த்ததில்லை. பீரோ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"தேர் உரசினது" என்றார்.

கீழே "ஓ" என்று ஒரு சத்தம் எழுந்தது. அந்தச் சத்தத்தில்தான் மனுஷன் விழுந்தார்.

அடுத்த ஞாயிறு அந்தத் தேர் அவருடைய தாத்தா காலத்துக்குப் போய்விட்டது. அதற்கடுத்த ஞாயிறு தேர் சுவரில் சிக்கி நின்றுவிட, தாத்தா பால்கனியிலிருந்து எட்டி ஒற்றைக் கையால் தள்ளிவிட்டார்.

"எந்தத் தாத்தா?" என்றாள் உலகம்மாள், உள்ளேயிருந்து. "இது உங்க அப்பா வாங்குன வீடுல்லா. தாத்தா இந்தத் தெருவுக்கே வந்ததில்லையே."

"சத்தம் போடாத. கீழ ஆளு நிக்கி."

சித்ரலேகா மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சார், எந்த வருஷம்னு சொல்ல முடியுமா?"

"அந்தக் காலத்துல யாரு தாயி வருஷம் பாத்தா?"

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனில் 'வீட்டார் சொல்வது' என்று குறித்துக்கொண்டாள். கூட வந்த ஒருவர் அதைச் சத்தமாக வாசித்ததில் ஞானசம்பந்தனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

எதிர்வீட்டில் பூதத்தான். பாத்திரக்கடை அண்ணாச்சி. வாராவாரம் ஒரு கூட்டம் தன் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதை அவரும் எத்தனை நாள்தான் பார்ப்பார்? ஒரு மத்தியானம், தெருவே சாப்பிட்டுப் படுத்திருந்த நேரத்தில், எதிர்வீட்டு மாடியிலிருந்து உளிச்சத்தம் கேட்டது. சாயந்திரம் பார்த்தால் அவர் பால்கனி மூலையிலும் ஒரு காயம். ஞானசம்பந்தன் வீட்டுக் காயத்தைவிட ஒரு சுற்றுப் பெரிது. கீழே நடைவாசலில் செங்கல் பொடி சிவப்பாகக் கொட்டிக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்தின் தலைக்கு மேலேயே பேச்சு நடந்தது.

"என்ன வே அது, அம்மி கொத்துனாப்புல இருக்கு?" என்றார் ஞானசம்பந்தன்.

"தேர் உரசினது வே."

"எப்ப?"

"உம்ம தாத்தா ஒத்தக் கையால தள்ளிவிட்டாருன்னு சொல்லுதீருல்லா? தள்ளுன தேரு எங்கன போவும்? இங்கனதான வரும்."

கூட்டம் கை தட்டியது. ஞானசம்பந்தன் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். தன் தாத்தாவின் பலத்தைத் தானே குறைத்துச் சொல்ல முடியுமா?

சித்ரலேகா பையிலிருந்து டேப்பை எடுத்துத் தெருவின் அகலத்தை அளந்தாள். பிறகு இரண்டு பால்கனிகளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"ஒரு ஆள் தள்ளி அவ்வளவு எடை குறுக்க நகராது சார். ரெண்டுல ஒண்ணு பொய்யா இருக்கணும்."

"எது?" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"குறைஞ்சது ஒண்ணு" என்றாள் அவள். நல்லவேளை, அது யாருக்கும் கேட்கவில்லை.

யாரோ இதையெல்லாம் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். அடுத்த வாரம் கூட்டம் இரட்டிப்பானது. அதற்கடுத்த நாள் ஹெப்ரான் வந்தார்.

ஹெப்ரான் ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த இன்ஜினியர். ஆனித் தேரோட்டத்துக்கு முன்னால் தேர் போகும் வழியைச் சரிபார்ப்பது அவர் பொறுப்பு. கையில் போன், போனில் அந்தப் படம்.

"இது நீங்கதான சார்?"

"நாந்தான்" என்றார் ஞானசம்பந்தன், நெஞ்சை நிமிர்த்தி.

"நல்லாப் பேசுதீங்க. பால்கனி தேர் இடிக்கிற அளவுக்கு நீட்டிக்கிட்டு இருக்குன்னு எங்ககிட்ட இதுவரைக்கும் யாரும் சொல்லல. ரெண்டடி வெட்டணும்."

அந்தப் பால்கனியே இரண்டடிதான். அடுத்தடுத்து ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளுக்கு நடுவில், அந்த வீட்டுக்குள் காற்று வர வேறு வழி கிடையாது. அவர் நாற்காலி, பேப்பர், காலைக் காப்பி, இப்போது ஞாயிற்றுக்கிழமை எல்லாமே அங்கேதான். ஞானசம்பந்தன் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"அது பீரோ சார்."

"இப்ப பீரோவா?" என்றார் ஹெப்ரான், பொறுமையாக.

சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. முடுக்குச் சந்து வீட்டுக்காரர், தான் டவுசர் போட்ட வயதில் தேர் உரசியதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். பூக்காரம்மா அந்தச் சத்தம் இன்னும் காதில் நிற்பதாகச் சொல்லி, "கர்ர்ர்" என்று செய்தும் காட்டினாள். "சம்பந்தம் ஐயா பொய் சொல்லுத ஆளு இல்ல சார்" என்று எல்லோரும் சேர்ந்து அவரைக் காப்பாற்றினார்கள்.

"அண்ணாச்சி, நீங்க?" என்று ஹெப்ரான் எதிர்வீட்டைப் பார்த்தார்.

பூதத்தான் பால்கனி மூலை முழுசாக இருந்தது. பூசி, வெள்ளையும் அடித்தாகிவிட்டது. இன்ஜினியர் முந்தின நாள் சாயந்திரம் தெருமுனையில் விசாரித்தபோதே அவருக்குச் சேதி வந்திருக்கிறது.

"எங்க வீட்டுலயா? படத்துல வேற யாரு வீட்டையோ பாத்திருப்பீங்க சார்."

ஹெப்ரான் நியாயமான மனிதர். "தேரோட்டத்தன்னைக்கு நானே இங்கன நிக்கேன். உரசலன்னா விட்டுருதேன். உரசினா மறுநாளே ஆளு வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"பீரோன்னு சொல்லியிருந்தா எங்க அப்பா பேரும் நின்னிருக்கும், பால்கனியும் நின்னிருக்கும்" என்றாள் உலகம்மாள்.

தேரோட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் சித்ரலேகா தனியாக வந்து வாசலில் நின்றாள்.

"கோவில்ல கேட்டுத் தேரை அளந்தேன் சார். தேரோட மரம் உங்க பால்கனியில படாது. ஒரு முழம் இடைவெளி இருக்கு. துணி அலங்காரம் கட்டினப்புறம் எப்படின்னுதான் தெரியல."

"துணி உரசினா உரசினதா?"

"அது இன்ஜினியர் சார்கிட்டதான் கேக்கணும்."

"கேக்காத தாயி."

தேரோட்டத்தன்று காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். ஞானசம்பந்தன் வியர்வையோடு பால்கனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிர் பால்கனியில் பூதத்தான், கல்யாணத்துக்கு வந்தவர்போல் பட்டுத்துண்டு போட்டுக்கொண்டு. கீழே ஹெப்ரான், கையில் டேப்போடு. மேளச்சத்தம் முதலில் தெருவுக்குள் திரும்பியது, பிறகு வடம் பிடித்தவர்கள், பிறகு தேர்.

யாரோ ஒரு பக்தர் இந்த வருஷம் புதுத் தொம்பைகள் செய்து கொடுத்திருந்தார். தேரின் பக்கங்களில் உருளை உருளையாகத் தொங்கும் அந்தத் துணி அலங்காரம் போன வருஷம்வரை மெலிந்து வெளுத்துப் போயிருந்தது. இப்போது ஒவ்வொன்றும் நெல் கொட்டிவைக்கும் குதிர் மாதிரி புடைத்துக்கொண்டு வந்தது. மரம், அந்தப் பெண் சொன்னபடியே, விலகித்தான் போயிற்று. ஆனால் தேர் ஒரு குலுக்குக் குலுங்கியது. கடைசித் தொம்பை பைய ஆடி வந்து ஞானசம்பந்தனின் முகத்தைத் தடவி, பால்கனி மூலையில் நீட்டிக்கொண்டிருந்த செங்கலில் மாட்டி, சர்ரென்று கிழிந்தது. ஒரு சாண் சிவப்புத் துணி அங்கேயே தங்கிவிட்டது.

அவர் அதைப் பிடுங்கிச் சுருட்டி அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கீழே எல்லோரும் கையைத் தலைக்கு மேல் குவித்துச் சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் நெருக்கியதில் ஹெப்ரான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். வழி கிடைத்ததும் வெளியே வந்து நிமிர்ந்தார்.

"உரசுச்சா சார்?"

தெருவே அண்ணாந்து பார்த்தது. எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்த்திராத கூட்டம். அவர் வீட்டில் நிஜமாகவே தேர் உரசிவிட்டது. வீட்டில் மட்டுமா, முகத்திலும்தான். ஞானசம்பந்தன் துணியின்மேல் இன்னும் கொஞ்சம் அழுந்த உட்கார்ந்தார்.

"எங்க உரசுச்சு? பக்கத்துலயே வரலியே சார்."

உலகம்மாள் பைய வந்து, சேலைத் தலைப்பை விரித்துவிட்டுக்கொண்டு நாற்காலிக்கு முன்னால் நின்றாள்.

ஹெப்ரானுக்கு மனசு ஆறவில்லை. திரும்பினார். "அண்ணாச்சி, நீங்க நேர் எதிர்க்கதான இருந்தீங்க. உரசுச்சா?"

பூதத்தான் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். துணி கிழிந்ததையும் பார்த்தார், அது போன இடத்தையும் பார்த்தார். பட்டுத்துண்டைச் சரிசெய்துகொண்டு நிதானமாக யோசித்தார். ஆமா என்று சொன்னால் எதிர்வீட்டுப் பால்கனி போய்விடும். ஆனால் இன்ஜினியரே எழுதி, ஊரே பார்த்து, சம்பந்தம் வீட்டில்தான் தேர் உரசியது என்று ஆகிவிடும். அவர் பேரன் காலத்திலும் அந்தப் பேச்சு ஓயாது.

"உரசல சார்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அந்தப் பக்கம் தேரு எப்பவுமே உரசாது. உரசுனா எங்க பக்கம்தான்."

ஹெப்ரான் அவரைப் பார்த்தார். பிறகு அவர் பால்கனி மூலையில் மட்டும் பளிச்சென்று இருந்த வெள்ளையைப் பார்த்தார். டேப்பை இழுத்துக்கொண்டே தெருவைக் கடந்தார்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன் சார்" என்றார் பூதத்தான்.

ஞானசம்பந்தன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. உலகம்மாளின் தோளுக்குப் பக்கத்தில் தலையை மட்டும் நீட்டினார்.

"பைய அளங்க சார். அந்தப் புதுச் சுண்ணாம்புக்கு அடியில சுரண்டிப் பாருங்க."